"சேர் போட்டது"

ரோபோ அணியை நடத்திய ஆசிரியர் போய் எவ்வளவு காலமாகிறது என்பதை விஞ்ஞான அறை அலுமாரியில் கிடக்கும் பற்றரியே சொல்லிவிடும். லித்தியம் பொலிமர் பற்றரியை முழுக்கச் சார்ஜ் ஏற்றியும் வைக்கக்கூடாது, வெறுமையாக விட்டும் வைக்கக்கூடாது. ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி எடுத்து வைக்க வேண்டும். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பழுதாகும், வயிறு ஊதிப்போகும். அவர் இருந்தவரை மீட்டரை வைத்து அவ்வப்போது பார்த்திருப்பார். போன பிறகு அது யாருக்கும் ஞாபகம் வராது.

பற்றரியைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். கடையில் வாங்கி ஈடுசெய்ய முடியாத இழப்பு வேறு.

கறுப்புக் கோட்டைப் பின்பற்றி ஓடும் ரோபோவை எடுத்துக்கொள்வோம். அதன் அடியில் வரிசையாக இருக்கும் சென்சர்கள், தரையிலிருந்து திரும்பும் அகச்சிவப்பு ஒளியை அளந்து 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாகத் தருகின்றன. எந்த எண்ணுக்கு மேல் கறுப்பு, எதற்குக் கீழ் வெள்ளை என்று புரோகிராமில் எழுத வேண்டும். காலையில் சரியாக ஓடும் ரோபோ, பின்னேர வெயில் மண்டபத்துக்குள் சரியும்போது கோட்டை விட்டு விலகும். கறுப்பு மட்டையை வெட்டிச் சென்சர்களைச் சுற்றிப் பாவாடை போல ஒட்டினால் வெளி வெயில் உள்ளே வராது. இதைப் பாடப் புத்தகத்தில் படிப்பதில்லை. ஒரு போட்டியில் தோற்றுத்தான் படிக்கிறார்கள். தோற்ற பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்து வரும் பிள்ளைகளிடம், புரோகிராமில் ஏன் 640 என்று இருக்கிறது என்று கேட்டால், "சேர் போட்டது" என்பார்கள். அதற்கு மேல் பதில் இருக்காது.

மாணவர் அணியின் இயல்பே அப்படி. பிள்ளைகள் இரண்டு மூன்று வருடத்தில் மாறிக்கொண்டே இருப்பார்கள். போன வருடத் தவறை அடுத்த வருடத்துக்கு எடுத்துவருகிறவர் ஆசிரியர் ஒருவரே. வெற்றி பெற்ற அணிக்கு இதில் ஆபத்து அதிகம் என்பேன். கேடயம் முன்னால் இருப்பதால், எல்லாம் தெரிந்த அணி என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள்.

2004ஆம் ஆண்டு அமெரிக்காவில், நீருக்கடியில் இயங்கும் ரோபோக்களுக்கான போட்டியில் அரிசோனாவின் கார்ல் ஹேடன் உயர்நிலைப் பள்ளி மாணவர் நால்வர் எம்.ஐ.டி. அணியை வென்றார்கள். மெக்சிகோவிலிருந்து வந்த ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள். பி.வி.சி. குழாயில் செய்த அவர்கள் ரோபோவுக்கு ஆன செலவு சுமார் 800 டொலர். போட்டிக்கு முன் மின்சுற்றுப் பெட்டிக்குள் தண்ணீர் கசிந்தபோது, கடையில் பெண்கள் பயன்படுத்தும் டம்பன் வாங்கிவந்து உள்ளே அடைத்து ஈரத்தை உறிஞ்சவைத்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இரண்டு ஆசிரியர்கள் நின்றார்கள்: கடல் விஞ்ஞானம் கற்பித்த பிரெடி லஜ்வார்டி, கணினி கற்பித்த அலன் கேமரன். 2015இல் வந்த 'ஸ்பேர் பார்ட்ஸ்' திரைப்படம் இருவரையும் சேர்த்து ஒரே ஆசிரியராக்கிவிட்டது. கதைக்கு அது வசதியாக இருந்திருக்கலாம். எனக்கோ, படம் விட்டுவிட்ட அந்த இரண்டாமவர்தான் முக்கியமாகத் தெரிகிறார்.

ஏனென்றால் சப்ரகமுவையின் தோட்டப் பாடசாலைகளில், எட்டியாந்தோட்டையானாலும் தெரணியகலையானாலும் இறக்குவானையானாலும், இரண்டாமவரைக் காண்பது அரிது. உயர்தர விஞ்ஞானத்தைத் தமிழில் படிக்கவே வெளியூர் போக வேண்டிய பிள்ளைகள் இங்கே நிறையப் பேர். விஞ்ஞானமோ கணிதமோ கற்பிக்க ஒருவர் கிடைத்தால், அணியும் அவர்தான், கழகமும் அவர்தான். அவருக்கு இடமாற்றம் வந்தால் அலுமாரித் திறப்பும் பொருட்பதிவுப் புத்தகமும் ஒப்படைக்கப்படும். 640 ஏன் என்பதை ஒப்படைக்க எந்தப் படிவமும் இல்லை.

பொருளாதார நெருக்கடி இதை இன்னும் கூர்மையாக்கியது. 2022 ஜூனில், அரச ஊழியர்கள் 5 ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 31ஆம் திகதியோடு 60 வயதைக் கடந்த அரச ஊழியர்கள் ஓய்வு பெற்றார்கள். இளையவர்களுக்கு ஒரு வாசல் திறந்தது. மூத்தவர்களை இன்னொரு வாசல் வழியே அனுப்பினார்கள். போனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், கடன் இருக்கிறது. அவர்கள் கையில் இருந்ததை வாங்கி வைக்க ஒரு மாதமாவது, பக்கத்தில் ஓர் ஆளாவது நாம் ஏற்பாடு செய்யவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

முதலில் ஒரு கொப்பி வேண்டும். பிள்ளைகள் தங்கள் கையெழுத்தில் எழுதும் கொப்பி: எந்தத் திகதியில், எந்த வெளிச்சத்தில், எந்த எண், ஏன் மாற்றினோம். அடுத்து, ஓய்வு பெற்ற ஆசிரியரை மாதத்தில் ஒரு சனிக்கிழமை அழைக்கலாம். பெலிஹுல்ஓயாவில் இருக்கும் சப்ரகமுவ பல்கலைக்கழகம் இந்த மாகாணத்துக்குள்தான் இருக்கிறது. அங்கே படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளும் வரலாம்.

இன்னொருவரும் இருக்கிறார். இடமாற்றமே வராதவர். இயங்குகிற தேயிலை ஸ்டோரில் ரோலர் ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்தப் பெயாரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லும் பிட்டர். மோட்டாரைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர், ஈயம் வைத்து வயர் ஒட்டத் தெரிந்தவர். அவருடைய மகளே அந்த அணியில் இருக்கவும் கூடும். சில்லு ஏன் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று அந்தப் பிள்ளை இரவு லயத்து வாசலில் அப்பாவிடம் கேட்டால், அவர் ரோபோவைக் கவிழ்த்துப் பிடித்து, விரலால் சில்லைச் சுழற்றி, காதருகே கொண்டுபோவார்.