நோயாளியிடம் பேசப் பயிலுதல்

ஊசி போடுவதும் இரத்த அழுத்தம் அளப்பதும் பயின்று பெற வேண்டிய திறன்கள் என்பதை யாவரும் ஒப்புவர். நோயாளியிடம் பேசுவதோ பிறவியிலேயே அமைவது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அதுவும் பயிற்சியால் கைவரக் கூடியதே என்பதைப் பாவனைப் பயிற்சி மெய்ப்பித்துள்ளது.

1963ஆம் ஆண்டில், அமெரிக்காவின் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து நரம்பியல் மருத்துவர் ஹோவர்டு பாரோஸ், நலமுள்ள ஒருவரை நோயாளியாக நடிக்கப் பழக்கி, மாணவர்களின் திறனை அறிய முற்பட்டார். பாவனை நோயாளி முறை இவ்வாறு தோன்றியது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த மருத்துவப் பாடத்திட்டத்தில், மனப்பான்மை, அறநெறி, உரையாடல் ஆகியவை தனிப் பகுதியாக இடம்பெற்றன.

இம்முறையின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு ஒரு லிட்டர் நீருக்குரிய ஓ. ஆர். எஸ். பொட்டலம் தரப்படுகிறது. பயிற்சியில் ஒருவர் தாயாக நடிக்கிறார். முழுப் பொட்டலத்தையும் ஒரு குவளை நீரில் கரைக்க வேண்டும் என எண்ணியிருக்குமாறும், கேட்டாலன்றி அதனைச் சொல்லாதிருக்குமாறும் அவருக்கு முன்பே கூறப்பட்டுள்ளது. பயிலும் ஊழியர் அனைத்தையும் பிழையின்றிச் சொல்லி, "விளங்கிற்றா, அம்மா?" என்கிறார். "விளங்கிற்று" என்று விடை வருகிறது. ஆயினும் தாயின் எண்ணம் மாறவில்லை. நீர் குறைந்தால் இரத்தத்தில் உப்பு மிகுந்து குழந்தையின் உயிருக்கே ஊறு நேரலாம். நீர் மிகுந்தால் இழந்த உப்புச் சத்து ஈடாகாது.

மறுமுறை அவ்வூழியர், "வீட்டில் இதை எப்படிக் கரைப்பீர்கள்? எனக்குச் செய்து காட்டுங்கள், அம்மா" என்று கேட்கிறார். தவறு உடனே வெளிப்படுகிறது, திருத்தவும் முடிகிறது.

பயிற்சியின் உயிர்நிலை, நடிப்புக்குப் பின் நிகழும் கலந்துரையாடலே ஆகும். முதலில் பயின்றவரும், அடுத்துத் தாயாக நடித்தவரும், இறுதியில் பார்வையாளரும் பேசுதல் வேண்டும். கண்டதையும் கேட்டதையும் கூறலாமேயன்றி, ஆளின் குணத்தைக் குறைகூறல் ஆகாது. பின்னர் அதே காட்சியை மீண்டும் நடத்துதல் இன்றியமையாதது.

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டுவதில்லை. ஒரு பொட்டலம், அளவுப் பாத்திரம், இரண்டு நாற்காலிகள், அரை மணி நேரம் ஆகியவை போதும். வகுப்பறையில் நேரும் தவறு எந்தக் குழந்தையையும் தீண்டுவதில்லை என்பதே இம்முறையின் தனிச்சிறப்பு.