தீப்புண் மருத்துவத்தில் தோல் பதிலிகள்

முன்னுரை
மனிதத் தோல் புறத்தோல், உட்தோல் என இரண்டு முதன்மை அடுக்குகளைக் கொண்டது. புறத்தோல் மட்டும் சிதைந்தால் அது மீண்டும் வளரும். உட்தோல் முழுதும் அழிந்தால் அது தானாக மீள்வதில்லை. புண்ணின் விளிம்புகள் சுருங்கித் தழும்பே உண்டாகிறது. உடலின் வேறு பகுதியிலிருந்து மெல்லிய தோலை எடுத்து ஒட்டுவதே வழக்கமான மருத்துவம். ஆனால், உடலின் பெரும்பகுதி வெந்தவர்களிடம் எடுப்பதற்குப் போதிய தோல் எஞ்சுவதில்லை. தோல் பதிலியின் தேவை இங்கிருந்தே எழுகிறது.

புறத்தோல் வளர்ப்பு
1975இல் ஜேம்ஸ் ரைன்வால்ட், ஹோவர்ட் கிரீன் ஆகியோர் மனிதப் புறத்தோல் உயிரணுக்களை ஆய்வகத்தில் பெருக்கும் முறையை வெளியிட்டனர். சிறு தோல்துண்டிலிருந்து சில வாரங்களில் பரந்த படலங்களை வளர்க்க இம்முறை வழிசெய்தது. எனினும், அடியில் உட்தோல் இல்லாத இடத்தில் அப்படலம் எளிதில் கொப்புளித்து உரிந்தது.

உட்தோலுக்கான சாரம்
அறுவை மருத்துவர் ஜான் பர்க், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் அயோனிஸ் யானஸ் ஆகியோர் உட்தோலிலிருந்து தொடங்கினர். 1981இல் அவர்கள் வெளியிட்ட பதிலியின் கீழடுக்கு, மாட்டின் கொலாஜனும் சுறாவின் குருத்தெலும்பிலிருந்து பெற்ற காண்ட்ராய்டின் சல்பேட்டும் இணைந்த நுண்துளைப் படலம்; மேலடுக்கு சிலிக்கோன் தாள். சிலிக்கோன் நீரிழப்பைத் தடுக்கும். துளைகளுக்குள் நோயாளியின் உயிரணுக்களும் குருதி நாளங்களும் புகுந்து புதிய உட்தோலை உருவாக்க, கொலாஜன் படிப்படியாகச் சிதைந்து மறையும். இரண்டு மூன்று வாரங்களுக்குப்பின் சிலிக்கோனை நீக்கி மிக மெல்லிய தோலை ஒட்டுவர். மெல்லியதாக எடுப்பதால், எடுத்த இடம் விரைவில் ஆறி மீண்டும் பயன்படும். ‘இன்டெக்ரா’ என்னும் பெயருடைய இப்பதிலிக்கு 1996இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது.

இதன் வெற்றி சிதையும் வேகத்தைப் பொறுத்தது. படலம் விரைந்து கரைந்தால் புண் சுருங்கித் தழும்பாகும். நெடுநாள் கரையாதிருந்தால் அதுவே புதிய திசு உருவாவதற்குத் தடையாகும். கட்டடம் எழும்வரை நின்று பின்னர்ப் பிரிக்கப்படும் சாரத்தை இது ஒத்தது.

வரம்புகள்
சிலிக்கோனுக்கு அடியில் தொற்று ஏற்பட்டால் பதிலியை இழக்க நேரும். மேலும், புதிய உட்தோலில் வியர்வைச் சுரப்பிகளும் மயிர்க்கால்களும் உருவாவதில்லை. ஆகவே, பரந்த தீப்புண் ஆறியவர்கள் உடல்வெப்பத்தைத் தணிக்க இயலாமல் கோடையில் துன்புறுகின்றனர்.

முடிவுரை
‘செயற்கைத் தோல்’ என்னும் பரவலான வழக்கு இப்பதிலியின் இயல்பை முழுமையாக உணர்த்தவில்லை. செயற்கையானது மறைந்துவிட, இறுதியில் நிலைப்பது நோயாளியின் சொந்தத் திசுவே. புண்ணை மூடுதல் என்னும் நிலையைக் கடந்து, வியர்க்கும் தோலை மீட்டளித்தலே இத்துறையின் எஞ்சிய பணியாகும்.