காமன் பொட்டலில் யாரும் வயது கேட்பதில்லை

முப்பத்தைந்து வயதில் ஒருவருக்கு ஆடப் பழக வேண்டும் என்ற ஆசை வந்தால், பதுளையில் அவர் எங்கே போவது? நகரில் பரத வகுப்புகள் நடக்கின்றன. ஆனால் அவை பள்ளிப் பிள்ளைகளை மனதில் வைத்து அமைந்தவை. வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைகள், சாதாரண தரத்தில் அழகியல் பாடம், வசதியுள்ள குடும்பமானால் அரங்கேற்றம் என்று போகிற பாதை அது. அதில் வளர்ந்த ஒருவர் நுழைந்தால் எட்டு வயதுப் பிள்ளைகளோடுதான் அரைமண்டி போட வேண்டும். பசறை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவருக்கு இதோடு பஸ் கவலையும் சேர்கிறது. இதையெல்லாம் யோசித்து ஆசையை அடக்கிக்கொள்பவர்களிடம் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: வளர்ந்தவர்கள் ஆடப் பழகுவதற்கான முறை ஊவாத் தோட்டங்களில் தலைமுறைகளாக இருந்துவருகிறது. அதை நடனக் கல்வி என்று நாம் மதிக்காததே குறை.

காமன் கூத்தையே எடுத்துக்கொள்வோம். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரிந்ததும் பொட்டலில் காமன் ஊன்றுகிறார்கள். பௌர்ணமியை ஒட்டி மன்மதன் தகனம் வரும்வரை தப்புப் பறையும் பாட்டும் ஆட்டமுமாகத் தோட்டம் விழித்திருக்கும். ரதி, மதன், தூதன், தட்சன், வீரபத்திரன், எமன் என்று வேடங்கள் பல. அவற்றைக் கட்டுகிறவர்கள் பகலில் கவ்வாத்து வெட்டியவர்கள், தொழிற்சாலையில் நின்றவர்கள். நேர்த்திக்கடனுக்காக வேடம் ஏற்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஆட்டத்தில் முன்பழக்கம் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. கூத்து மாஸ்டர் பாடிக்கொண்டே அடி வைத்துக் காட்ட, பழகுகிறவர் கூடவே ஆடுகிறார். தப்பு ஆடுகிறவரின் காலைப் பார்த்து நடக்கும். பதிவு செய்த பாட்டு அப்படி யாருக்காகவும் காத்திருக்காது. இன்னொன்றும் இருக்கிறது. இங்கே புதிதாக ஆட வருபவர் முழுக்கப் புதியவர் அல்லர். சிறு வயதிலிருந்து ஆண்டுதோறும் பார்த்துப் பார்த்து, மெட்டு காதிலும் அசைவு கண்ணிலும் பதிந்துவிட்டிருக்கும். காலுக்குத்தான் அது இன்னும் இறங்கவில்லை. ஆட வேண்டிய நாளும் முன்பே குறித்தது என்பதால் பயிற்சி இழுபறியாவதில்லை.

'கூத்து வேறு, முறையான நடனம் வேறு' என்று சிலர் சொல்லக்கூடும். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகிய கூத்துகளை மேடையேற்றியபோது இந்தப் பிரிவினை ஆட்டம் கண்டது. மட்டக்களப்புக் கூத்தின் அடிகளைப் பட்டப்படிப்பு மாணவர்கள் பழகி ஆடினார்கள். அது கடினமான கலை என்பதைப் படித்தவர்களும் கண்டார்கள். செவ்வியல் நடனத்திலும் சிறு வயது கட்டாயமானதல்ல. 1904இல் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல், முப்பதை ஒட்டிய வயதில் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பரதம் கற்று 1935இல் மேடையேறினார். அவருக்கு வசதியும் ஓய்வும் இருந்தன என்பது உண்மை. ஆகவே அவருடைய வாழ்க்கை உடலால் முடியும் என்பதற்குத்தான் சான்று; தோட்டத்தில் நேரம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

உடலைப் பற்றிய பயம் பெரும்பாலும் தேவையற்றது. தேயிலைச் சரிவில் நாள்தோறும் ஏறி இறங்கும் காலுக்கு வலு குறைவில்லை. மூட்டுவலி உள்ளவர் அரைமண்டியை ஆழமாகப் போடாமல் நிமிர்ந்தே ஆடலாம். கும்மியில் அதனால் எதுவும் கெட்டுவிடாது. 75 வயதைத் தாண்டிய 469 பேரை நியூயார்க்கில் தொடர்ந்து கவனித்து 2003இல் வெளியிட்ட மருத்துவ ஆய்வில், உடலசைவுப் பொழுதுபோக்குகளில் நடனம் மட்டுமே மறதிநோய் குறைவாக வருவதோடு தொடர்புடையதாகத் தெரிந்தது. நடனம்தான் நோயைத் தடுத்தது என்று அதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. முதுமையில் ஆடுவது வீண்வேலை என்று சொல்வதற்கும் இனி இடமில்லை.

நேரமின்மையும் களைப்பும்தான் உண்மையான தடை, அதுவும் பெண்களுக்கு. கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்கு வந்ததும் அடுப்பு காத்திருக்கிறது. இரவு ஒத்திகை ஆண்களுக்கு வாய்த்த வசதி. காமன் கூத்தில் ரதியைக்கூட ஆணே கட்டிவந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆகவே பெண்களுக்கான பயிற்சி ஞாயிறு அல்லது போயா நாளில், பகலில், தோட்டத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். பூட்டிக் கிடக்கும் பிள்ளைக்காம்பராவோ கோயில் மண்டபமோ போதும். கும்மியிலும் கோலாட்டத்திலும் தொடங்கலாம். வட்டமாக ஆடும்போது புதியவர் எதிரே இருப்பவரைப் பார்த்தே அடியைத் திருத்திக்கொள்வார். பரத ஆசிரியர்களும் இங்கு வந்து, பரீட்சை பற்றிய பேச்சில்லாமல் தட்டடவு சொல்லித்தரலாம்.

எல்லாவற்றையும்விடக் கனமான ஆட்சேபம் சாதி. தப்பை ஒரு சாதியின் தலையில் கட்டி, சாவு வீட்டுக்கு அடிக்கச் சொல்லிவிட்டு, அடித்தவரை வாசலில் நிறுத்திய வரலாறு மலையகத்துக்கும் உண்டு. இனித் தொடமாட்டோம் என்று சொல்லும் இளைஞர்களின் மறுப்பு நியாயமானது. பண்பாட்டின் பெயரால் அவர்களை யாரும் நெருக்கக்கூடாது. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் தலித் பெண்கள் பறையைத் தாங்களே கையில் எடுத்து, ஆடி அடித்து மேடையேறியது வேறொரு வழியைக் காட்டுகிறது. ஊவாவிலும் எந்தச் சாதியினரும் ஆணும் பெண்ணும் விரும்பித் தப்புப் பழக வேண்டும். சொல்லித்தருகிறவருக்குப் பரத ஆசிரியருக்குக் கொடுக்கும் அதே கட்டணத்தைக் கோயில் கமிட்டியும் மாகாண அதிகாரிகளும் சேர்ந்து கொடுக்க வேண்டும். விழா அழைப்பிதழில் மாஸ்டர் என்ற அடைமொழியோடு அவர் பெயரையும் அச்சிட வேண்டும்.