ஜெர்மனி திருவிழா பீர்: நிறத்தை பார்த்து ஏமாறாதீங்க!

"பீர் தானே... அது என்ன செய்து விடும்?" என்று அலட்சியமாக கேட்கும் குடிமகன்களுக்கு ஜெர்மனி நாட்டின் "மேர்ட்சன்" பீரை பற்றி தெரியாது என்று அர்த்தம். முனிச் நகரில் நடக்கும் அக்டோபர்பெஸ்ட் திருவிழாவில் இந்த ரக பீர் தான் பெரிய பெரிய ஆட்களையும் சாய்க்கிறது.

1810-ம் ஆண்டு பவேரியா இளவரசர் லுட்விக், தெரசா திருமணத்தையொட்டி முனிச்சில் குதிரை பந்தயம் நடத்தினார்கள். அது தான் இன்று பீர் திருவிழாவாக மாறி விட்டது. பெயரில் தான் அக்டோபர். தொடங்குவது என்னவோ செப்டம்பரில்!

மார்ச் மாத சரக்கு

இந்த பீருக்கு மட்டும் ஏன் இவ்வளவு வீரியம்? பிரிட்ஜ் இல்லாத காலத்தில் கோடையில் காய்ச்சிய பீர் புளித்து கெட்டுப்போனது. இதனால் 1553-ம் ஆண்டு பவேரியாவில் ஒரு தடை போட்டார்கள். ஏப்ரல் 23-ந்தேதி முதல் செப்டம்பர் 29-ந்தேதி வரை யாரும் பீர் காய்ச்சக்கூடாது.

எனவே மார்ச் மாதமே மொத்தமாக காய்ச்சி வைத்தனர். மேர்ட்சன் என்ற பெயரே மார்ச் மாதத்தில் இருந்து வந்தது தான். கோடை முழுவதும் கெடாமல் தாங்க வேண்டுமே! அதனால் முளைகட்டி வறுத்த பார்லியை தாராளமாக அள்ளிப்போட்டனர். பார்லி கூடினால் சர்க்கரை கூடும். அதை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றும். பிறகு ஐஸ்கட்டி நிரப்பிய பாதாள அறையில் மாதக்கணக்கில் வைத்தனர். "லாகர்" என்றாலே ஜெர்மன் மொழியில் கிடங்கு. இலையுதிர் காலத்தில் புது பீர் காய்ச்ச பீப்பாய் வேண்டும் என்பதால் மிச்சம் இருந்ததை குடித்து தீர்த்தார்கள்.

பார்த்தால் பசு

பழைய மேர்ட்சன் தேன் கலந்த செம்பு நிறத்தில் இருக்கும். ரொட்டியின் கருகாத ஓரத்தை கடித்தது போல ருசி. கசப்பு குறைவு. 1872-ல் இது அக்டோபர்பெஸ்ட் கூடாரத்துக்குள் வந்தது.

இப்போது அங்கு ஊற்றுவது வெளிர் தங்க நிற பீர். பார்த்தால் சாதாரண பீர் மாதிரி தான் இருக்கும். ஆனால் நிறம் தான் வெளுத்ததே தவிர வீரியம் குறையவில்லை. சாதாரண ஜெர்மன் பீரில் ஆல்கஹால் 5 சதவீதம் என்றால் இதில் சுமார் 6 சதவீதம். முனிச் நகரின் 6 கம்பெனிகள் மட்டுமே இதை திருவிழாவில் விற்க முடியும்.

1 சதவீதம் தானே என்று நினைக்காதீங்க. அங்கு ஒரு மக் என்பது முழுசா 1 லிட்டர். அதில் 60 மில்லி, அதாவது 47 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது. பிராந்தி கணக்கில் பார்த்தால் ஒரு குவார்ட்டரில் முக்கால் பங்கு. கசப்பு இல்லாததால் மளமளவென்று இறங்கி விடும். தலைக்கு ஏறுவது பிறகு தான் தெரியும்.

ஒரு மணி நேரத்துக்கு சுமார் 8 கிராம் ஆல்கஹாலை தான் உடம்பு செரிக்கும். அப்படி பார்த்தால் 2 மக் முழுசா இறங்க 12 மணி நேரம் ஆகும். ராத்திரி குடித்தவர் விடிந்ததும் காரை எடுத்தால் ரத்தத்தில் மிச்சம் இருக்கும். அங்கு போலீஸ் விடாது.

மைதானத்தில் மட்டையாகி கிடப்பவர்களுக்கு உள்ளூரில் வைத்த பெயர் "பீர் பிணம்". அனுபவசாலிகள் வறுத்த கோழி, பிரெட்சல் என்று வயிறு நிறைய சாப்பிட்டு விட்டு தான் மக்கை தொடுகிறார்கள். இதனால் போதை ஏறும் வேகம் குறையுமே தவிர, உள்ளே போன 47 கிராம் குறையாது.