தாசனும் தாசியும்

தாசன் என்றால் ஊர் தலை வணங்குகிறது. தாசி என்றால் பெண்ணொருத்தி தலை கவிழ்கிறாள். என்ன விந்தை இது!

இரண்டும் வடமொழியிலிருந்து வந்த சொற்கள். ஒரே வேரிலே பிறந்தவை. பொருளும் ஒன்றுதான்: அடிமை, தொண்டர். துளசிதாசர் என்றால் மகான். புரந்தரதாசர் என்றால் இசைமேதை. நமது புரட்சிக் கவிஞரும் பாரதிதாசன் என்று பெயர் பூண்டு ஏறுபோல் நடந்தார். அதே சொல்லைப் பெண்பாலாக்கிப் பாருங்கள்! ஆண்டவனுக்குத் தொண்டு செய்பவள் என்று பொட்டுக் கட்டி, தேவதாசி எனப் பெயரும் சூட்டிய சமுதாயம், பிறகு அதையே விலைமகளின் பெயராக்கிற்று. ஆணுக்குப் பூமாலை, பெண்ணுக்குப் புழுதி!

"வடசொல்தானே வம்பு? தமிழ்ச் சொல்லைப் போட்டால் தீர்ந்தது" என்பர் சில தோழர்கள். தீரவில்லையே! தேவரடியார் என்பதிலுள்ள அடியார் தூய தமிழ்ச் சொல். அறுபத்து மூன்று அடியார் என்றால் பக்தர்கள் கைகூப்புகிறார்கள். தேவரடியார் என்ற சொல்லோ சிதைந்து, தெருச் சண்டையிலே வசையாக வீசப்படுகிறது. இரவல் சொல்லுக்கு வந்த கதியே நம் வீட்டுச் சொல்லுக்கும் வந்தது. ஆகவே நோய் சொல்லிலே இல்லை. சொல்பவன் நெஞ்சிலே இருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலிலே இராசராசன் கல்வெட்டு இருக்கிறது. 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. வீடும், ஆளுக்கு 100 கலம் நெல்லும் தரச் சொல்கிறது. கல்லிலே பெயர் பெற்ற கலைஞர்களின் வழிவந்தோருக்குப் பிற்காலம் தந்தது என்ன? வசை!

அவர்கள் ஆடிய சதிர், 1930களிலே சென்னைச் சபாக்களில் பரதநாட்டியம் என்று புதுப்பெயர் பெற்றது. ஆட்டத்தின் மீதிருந்த கறையைத் துடைத்தார்கள். ஆடியவள் மீதிருந்த கறையைத் துடைக்க யார் வந்தார்கள்?

வந்தவர்கள் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் சட்டமன்றத்திலே தொடுத்த போர், 1947இல் பொட்டுக்கட்டு ஒழிப்புச் சட்டமாயிற்று. அந்தக் கொடுமையை உள்ளிருந்தே கண்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், 1936இல் அதை நாவலாக்கினார். 1938இல் இந்தி எதிர்ப்புப் படையிலே திருச்சியிலிருந்து சென்னைவரை நடந்தார். ஏழை மாணவியர் கல்லூரிப் படிப்புக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் 2022இல் தொடங்கியபோது, அது தாங்கிய பெயர் அவருடையது. எந்தக் குலத்தை ஊர் ஏசிற்றோ, அந்தக் குலத்து அம்மையார் பெயரால் ஏழைப் பெண்ணுக்குக் கல்வி!

ஆனால் தோழர்களே, சட்டம் பொட்டை அறுத்தது, வாயை அறுக்கவில்லை. பட்டறையிலே, பேருந்து நிலையத்திலே, ஏன், நமது மேடையிலேயே கூட, எதிரியை ஏச அவன் தாயை இழுக்கும் நாக்கு இன்னும் இருக்கிறது. எதிரியின் கொள்கையைத் தாக்குவோம். அவன் செயலைத் தாக்குவோம். அவனைப் பெற்றவள் நமக்கு என்ன தீங்கு செய்தாள்? பெண்ணுரிமை பேசும் வாயிலே அந்தச் சொல் வருமானால், இராமாமிர்தம் அம்மையாரின் படத்துக்கு மாலையிட நமக்கு என்ன உரிமை?

மாலையைப் பிறகு வாங்குவோம். முதலில் நாவைக் கழுவுவோம்!