குண்டு நேராக உட்கார வேண்டும்

1973இல் அமெரிக்கரான மேக் மெக்மில்லன் நூறு கஜத் தொலைவிலிருந்த தாளை நோக்கி ஐந்து முறை சுட்டார். ஐந்து குண்டுகளும் ஏறக்குறைய ஒரே துளை வழியாகப் போயின. அவற்றில் அதிகம் விலகி விழுந்த இரண்டின் மையங்களுக்கு இடையே 0.009 அங்குலம்தான் இருந்தது. கால் மில்லிமீட்டர்கூட இல்லை. நாற்பது ஆண்டுகள் யாராலும் அசைக்க முடியாத அந்தச் சாதனையை 2013இல் மைக் ஸ்டின்னெட் 0.0077 அங்குலமாகக் குறைத்தார்.

மேசைமேல் மணல்பைகளில் துப்பாக்கியைத் தாங்கவைத்துச் சுடும் இந்தப் போட்டிக்கு ‘பெஞ்ச்ரெஸ்ட்’ என்று பெயர். இதில் இறங்குபவர்கள் தங்கள் தோட்டாவைத் தாங்களே தயாரித்துக்கொள்கிறார்கள். ஏற்கெனவே சுட்ட பித்தளைக் கூட்டை மறுபடி அளவுக்குக் கொண்டுவந்து, மருந்தைப் பற்றவைக்கும் புது பிரைமர் பொருத்தி, வெடிமருந்தை அளந்து போட்டு, கடைசியாகக் கூட்டின் கழுத்தில் குண்டை அமர்த்துவார்கள். பார்வைக்கு மிகச் சுலபமாகத் தெரிவது இந்தக் கடைசி வேலைதான். ஆனால் முன்பு செய்த அத்தனை நுணுக்கத்தையும் ஒரே அழுத்தில் கெடுத்துவிடக்கூடியதும் இதுவே.

சாய்ந்தால் என்ன ஆகும்?

பெஞ்ச்ரெஸ்ட் களத்தில் பெரும் செல்வாக்குப் பெற்ற ‘6 மி.மீ. பிபிசி’ தோட்டாவை எடுத்துக்கொள்வோம். லூயி பால்மிசானோ என்ற மருத்துவரும் ஃபெரிஸ் பிண்டெல் என்ற கருவி வினைஞரும் சேர்ந்து 1975இல் உருவாக்கியது இது. இதன் குண்டு வினாடிக்குச் சுமார் 1,000 மீட்டர் வேகத்தில் குழலை விட்டு வெளியேறுகிறது. குழலின் உட்புறச் சுருள் காடிகள் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் வெட்டப்பட்டிருந்தால், அது வினாடிக்கு ஏறத்தாழ 2,800 முறை சுழலும்.

குழலுக்குள் இருக்கும்வரை குண்டு குழலின் அச்சைச் சுற்றித்தான் சுழல முடியும். வெளியே வந்த கணமே தன் எடைமையத்தைச் சுற்றிச் சுழலத் தொடங்குகிறது. எடைமையம் அச்சிலிருந்து விலகியிருந்தால் குண்டுக்குப் பக்கவாட்டில் ஒரு சிறு வேகம் கிடைத்துவிடுகிறது. ஆணி நடுவில் இறங்காத பம்பரம் ஓரிடத்தில் நில்லாமல் அலைவதும் இப்படித்தான். விலகல் 2.5 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நானூற்றில் ஒரு பங்கு என்று வைத்துக் கணக்கிட்டால், பக்கவாட்டு வேகம் வினாடிக்கு 4.4 செ.மீ. ஆகிறது. நூறு கஜத்தைக் கடக்கச் சுமார் பத்தில் ஒரு வினாடி போதும். அதற்குள் குண்டு 4 மில்லிமீட்டர் தள்ளிப் போய்விடும்.

கூட்டின் கழுத்தில் சாய்ந்து உட்கார்ந்த குண்டு, சுருள் காடிகளுக்குள்ளும் சாய்ந்தே நுழைய வாய்ப்பிருக்கிறது. நுழையும்போது கொஞ்சம் நேராகிக்கொள்ளும் என்றாலும் முழுக்க நேராகும் என்று நம்ப முடியாது. குண்டின் சமநிலை கெட்டால் குறி எப்படிக் கெடுகிறது என்பதை மாசசூசெட்ஸைச் சேர்ந்த டாக்டர் ஃபிராங்க்ளின் மான் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1909இல் நூலாக வெளியிட்டார். குண்டுகளை வேண்டுமென்றே சிதைத்துச் சுட்டுப் பார்த்தவர் அவர். முனை நசுங்கினால் வரும் கேட்டைவிட, அடிப்பாகம் ஒருபுறம் சிதைந்தால் வரும் கேடு மிகப் பெரிது என்று கண்டறிந்தார்.

எந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பது?

குண்டை அமர்த்த இன்று இரண்டு வகை ஏற்பாடுகள் புழக்கத்தில் உள்ளன. முதலாவது, மேசையில் பொருத்திய பிரஸ் என்ற அழுத்துகருவியில் மரையால் முறுக்கும் டை என்ற அச்சு. இதன் மரை பெரும்பாலும் 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 புரி என்ற பொது அளவில் இருக்கும். அதனால் ஒரு நிறுவனத்தின் டையை வேறொரு நிறுவனத்தின் பிரஸ்ஸில் பொருத்த முடிகிறது. சாதாரண டையில் ஒரு குறை உண்டு. குண்டு கழுத்துக்குள் நுழையத் தொடங்கும்போது அதைப் பக்கவாட்டில் இறுகப் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. சற்றே விலையுயர்ந்த டைகளில் சறுக்கும் உள்குழாய் ஒன்று இருக்கிறது. அது கூட்டையும் குண்டையும் முதலில் ஒரே கோட்டில் பிடித்துக்கொள்கிறது. அழுத்தம் அதற்குப் பிறகுதான் இறங்கும்.

இரண்டாவது, வாஷிங்டன் மாநிலத்தின் காஷ்மியர் ஊரிலுள்ள எல்.இ. வில்சன் நிறுவனம் செய்வது போன்ற, கையால் இயக்கும் டை. இதில் மரை கிடையாது. கூடு முழுவதும் டைக்குள் அடங்கிவிடும். மேலிருந்து ஒரு தண்டைச் சிறு நெம்புகோல் கொண்ட ஆர்பர் பிரஸ்ஸால் நேர்கீழாக அழுத்தினால் குண்டு உள்ளே இறங்கும். நெம்புகோலின் பலம் குறைவு என்பதால் கழுத்தின் பிடி கைக்கே தெரிகிறது. ஒரு தோட்டா இறுக்கமாகவும் இன்னொன்று தளர்வாகவும் இறங்கினால் உடனே கண்டுகொள்ளலாம். விசையை எண்ணிலேயே காட்டும் ஆர்பர் பிரஸ்களும் இருக்கின்றன.

எந்த வகையானாலும், அழுத்தும் தண்டு குண்டின் கூர்முனையில் படக் கூடாது. முனைக்குக் கீழே உள்ள வளைவில்தான் பட வேண்டும். ஒரே பெட்டியிலுள்ள குண்டுகளிலும் முனையின் நீளம் கூடக்குறைய இருக்கும். ஆழத்தையும் இதே காரணத்தால் முனையிலிருந்து அளக்காமல், வெர்னியரில் பொருத்தும் சிறு துணைக்கருவி கொண்டு வளைவிலிருந்து அளக்கிறார்கள். மைக்ரோமீட்டர் தலை உள்ள டையில் ஆழத்தை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு நுட்பமாக மாற்ற முடியும்.

இந்த ஆழம் உயிரோடு விளையாடும் விஷயம். குண்டு அளவுக்கு மீறி உள்ளே போனால் மருந்துக்கான இடம் குறுகி அழுத்தம் ஏறும். மிகவும் வெளியே நீட்டி, சுருள் காடிகளைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் அழுத்தம் ஏறும். அதனால்தான் அனுபவசாலிகளும் தயாரிப்பாளர்களின் கையேட்டை விட்டு விலகுவதில்லை. அமெரிக்காவில் சாதாரணப் பொழுதுபோக்காக இருக்கும் இந்த வேலையை இந்தியாவில் உரிமமின்றிச் செய்வது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம்.

முதல் பணத்தைப் பெரிய பிரஸ்ஸில் போடுபவர்கள் உண்டு. நான் அதை ஏற்க மாட்டேன். குண்டை அமர்த்தப் பெரும் விசை தேவையே இல்லை. தேவை, நேர்க்கோட்டில் பிடித்து வழிநடத்தும் டை. அதைவிட முந்தித் தேவைப்படுவது தோட்டாவை உருட்டி ஆட்டத்தைக் காட்டும் டயல் கேஜ். ஆட்டம் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குக்குள் இருந்தால் கையிலிருக்கும் கருவியே போதும். மீறினால், குண்டு பொருத்தாத வெறுங்கூட்டின் கழுத்தையும் உருட்டிப் பார்க்க வேண்டும். கழுத்தே கோணலாக இருந்தால், எத்தனை விலை கொடுத்து வாங்கிய டையும் அதில் குண்டை நேராக்கித் தராது. குறை எங்கே என்று தெரிந்த பிறகு வாங்கும் கருவிக்குத்தான் கொடுத்த காசு வீணாவதில்லை.