446 பைட்டில் ஒரு விழிப்பு

அந்தியூரில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் சர்வர் காலையில் எழவில்லை என்று வைத்துக்கொள்வோம். பூட் டிஸ்க் கிடைக்கவில்லை என்கிறது திரை. இத்தனை வருடக் கணக்கும் போச்சு என்று முதலாளி தலையில் கை வைப்பார். கணக்கு வேறு டிஸ்க்கில் இருந்தால் அது போயிருக்காது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, ஸ்டார்ட்டர்தான் எரிந்திருக்கிறது.

கரண்ட் வந்த நொடியில் கணினிக்குத் தனக்கு டிஸ்க் இருப்பதுகூடத் தெரியாது. மதர்போர்டு சிப்பில் பதிந்த நிரல் ஒன்று முதலில் ஓடி, டிஸ்க்கைத் தேடிப் பிடிக்கும். பழைய முறையில், டிஸ்க்கின் முதல் 512 பைட்டை மட்டும் படிக்கும். அதில் 64 பைட் பகுதிகளின் பட்டியல், 2 பைட் அடையாளம். நிரலுக்கு மிஞ்சுவது 446. யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ‘அந்தியூர்’ என்று எழுதவே 27 பைட் வேண்டும். அந்த இடத்தில் ஊர்ப்பெயரை 16 முறை எழுதலாம், 17-ஆவதற்கு இடமில்லை! இத்தனை சிறிய நிரல் தன்னைவிடப் பெரியதை எழுப்ப, அது இயங்குதளத்தின் மையமான கெர்னலை எழுப்ப, பிறகுதான் சர்வர் விழிக்கிறது. இன்றைய யூஇஎஃப்ஐ கணினிகளில் இதற்கெனத் தனிப் பகுதியே உண்டு. எழுப்பும் வரிசை மட்டும் மாறவில்லை.

இந்த வரிசை பெரிய அளவில் நடுவில் அறுந்ததும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான கோப்பு ஒன்று சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். டிஸ்க்குகள் நலம், தரவும் நலம். ஆனால் திருத்திய கோப்பைப் பெறும் அளவுக்குக்கூடப் பல கணினிகள் விழித்திருக்கவில்லை. ஆட்கள் ஒவ்வொரு கணினியாகப் போய் அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது.

அந்தியூர் சர்வருக்கும் வெளியிலிருந்துதான் உதவி வர வேண்டும். யூஎஸ்பியில் உள்ள லினக்ஸால் எழுப்பி, பழுதான டிஸ்க்கில் எதையும் எழுதாமல், டிடிரெஸ்கியூ என்ற கருவி கொண்டு நகலெடுப்பார்கள். அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பும். சாகப்போகும் டிஸ்க்கிடம் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். பின் புது டிஸ்க்கில் கெர்னலை எழுப்பும் நிரலான கிரப்பை நிறுவி, ஃபைல்சிஸ்டம் அடையாள எண்கள் மாறியிருந்தால் திருத்தினால் சர்வர் எழும்.

ஒன்றில் இருப்பதே மற்றதிலும் இருக்கும்படி இரண்டு டிஸ்க்கில் ரெய்டு 1 போட்டவர்களும் இதில் சிக்குவதுண்டு. மென்பொருள் ரெய்டு பகுதிகளைத்தான் பிரதியெடுக்கும். அந்த முதல் 512 பைட் அதற்கு வெளியே நிற்கும். கிரப்பை இரண்டிலும் நிறுவியிருக்க வேண்டும். காப்பு எடுத்துவைத்துவிட்டு, இரண்டும் நன்றாக இருக்கும்போதே முதல் டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தால் நிறுவியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.